விதைக் கிண்ணத்தை மெல்ல மாற்றுங்கள்

அமெரிக்காவின் சிகாகோ நகரை ஒட்டிய புரூக்ஃபீல்டு உயிரியல் பூங்காவில் 'குக்கி' என்றொரு காக்கட்டூ கிளி இருந்தது. உடல் இளஞ்சிவப்பு, கொண்டையை விரித்தால் சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாகத் தெரியும். ஆஸ்திரேலியாவின் மேஜர் மிட்செல் இனம். பூங்கா திறக்கப்பட்ட 1934-ஆம் ஆண்டில், சுமார் ஒரு வயதில், சிட்னியிலிருந்து அங்கே வந்து சேர்ந்தது. 2016 ஆகஸ்டில் இறந்தபோது அதற்கு வயது 83. உலகிலேயே மூத்த கிளி என்று கின்னஸ் சாதனையில் இடம்பெற்ற பறவை அது.

அத்தனை நீண்ட ஆயுளின் கடைசிப் பகுதி நோயோடு கழிந்தது. 2007-ல் நடந்த பரிசோதனையில் குக்கிக்கு மூட்டுத் தேய்மானமும் எலும்பு மெலிவும் இருப்பது தெரியவந்தது. எலும்பு மெலிந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் எளிமையானது. முதல் 40 ஆண்டுகள் வரை அதற்குக் கிடைத்த தீனி வெறும் விதை மட்டுமே. பராமரித்தவர்களின் அக்கறையில் குறை ஏதுமில்லை. அந்த இனத்துக்கு என்னென்ன சத்து தேவை என்பது அன்றைக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்றைக்குத் தெரியும். தெரிந்த பிறகும் நம் வீடுகளில் கிளிக்கூண்டின் கிண்ணம் மாறவில்லை. சூரியகாந்தி விதையோ தினையோ நிறையக் கொட்டி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அதே அளவுக்கு முக்கியமான இன்னொன்றும் உண்டு: அந்த மாற்றத்தை ஒரே நாளில் செய்யக்கூடாது. இவ்விரண்டில் எதைத் தவறவிட்டாலும் பாதிப்பு பறவைக்குத்தான்.

எந்தக் கிளியைப் பற்றிய பேச்சு இது என்பதை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும். மரப்பொந்தில் கூடு வைக்கும் நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எவ்வளவு நல்ல தீனி போட்டாலும் அந்தக் குற்றம் குற்றமே. 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் கடலூர் மாவட்டத்தில் கிளி ஜோசியர் ஒருவரிடமிருந்து வனத்துறையினர் கிளிகளைப் பறிமுதல் செய்தது பலருக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு கிளி யார் வீட்டிலாவது இருந்தால், அதற்கான தீர்வு வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான். இங்கே பேசப்படுவது சட்டம் அனுமதிக்கும் அயல்நாட்டு இனங்கள்: கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் ஜோடி ஜோடியாக விற்கப்படும் ஆஸ்திரேலிய பட்ஜி, கொண்டை வைத்த காக்கடீல், அசல் ஆப்பிரிக்க லவ் பேர்ட், வண்ணமயமான கன்யூர், பேச்சுக்குப் பேர்போன ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ்.

இவற்றின் தீனிக் கிண்ணத்தில் பெரும்பாலும் என்ன இருக்கிறது? பெரிய கிளிகளுக்குச் சூரியகாந்தி விதை. சின்னவற்றுக்குத் தினையும் சாமையும் கலந்த சிறுதானியம். இதற்கு மேல் பாசத்தின் பெயரில் டீயில் நனைத்த பிஸ்கட், கொஞ்சம் மிக்சர், முறுக்குத் துண்டு, பால்சோறு. பறவைகளுக்குப் பால் செரிக்காது. உப்பும் எண்ணெயும் சர்க்கரையும் இவ்வளவு சிறிய உடலுக்குப் பெரும் சுமை.

சூரியகாந்தி விதையின் கணக்கைப் பார்ப்போம். தோல் நீக்கிய பருப்பில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து 80 மில்லிகிராம் அளவுக்கு இருக்க, பாஸ்பரஸ் 650 மில்லிகிராமைத் தாண்டுகிறது. பறவையின் உடலுக்கு வேண்டியதோ, பாஸ்பரஸுக்குச் சமமாகவோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ சுண்ணாம்பு. விகிதம் இப்படித் தலைகீழாக இருக்கும் உணவையே ஆண்டுக்கணக்கில் தின்றால், ரத்தத்துக்கு வேண்டிய சுண்ணாம்பை உடல் எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்கும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளுக்கு இது இன்னும் ஆபத்தானது. ரத்தத்தில் சுண்ணாம்பு திடீரெனக் குறைந்து, உட்கார்ந்திருக்கும் கிளையிலிருந்து வலிப்பு வந்து கீழே விழும் சாம்பல் கிளிகளைப் பறவை மருத்துவர்கள் நன்கறிவார்கள்.

அடுத்தது வைட்டமின் ஏ. காய்ந்த விதைகளில் அது இல்லை என்றே சொல்லிவிடலாம். அது குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்பூச்சு தடித்துக் காய்ந்துவிடும். கிருமிகள் எளிதில் நுழையும். கிளிக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது, கண் வீங்குகிறது, மூக்கில் கட்டி அடைக்கிறது என்று மருந்து வாங்க ஓடும் பல நேரங்களில் நோயின் வேர் தீனிக் கிண்ணத்தில் இருக்கிறது. கொழுப்பு மிகுந்த தீனியும் பறக்க இடமில்லாத கூண்டும் சேர்ந்தால் ஈரலில் கொழுப்பு படியும். அலகு அளவுக்கு மீறி வளர்வதும் அதில் கருமையான ரத்தத் திட்டுகள் தெரிவதும் அதற்கான அடையாளங்களாக இருக்கலாம். பட்ஜிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அயோடின் இல்லாத விதைகளை மட்டும் தின்றால் கழுத்தில் தைராய்டு வீங்கி, மூச்சுவிடும்போது கிளிக் கிளிக் என ஒலி கேட்கும். தின்றதைக் கக்கவும் செய்யும்.

"காட்டுக் கிளிகள் விதைதானே தின்கின்றன?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தினைப்புனத்தில் பரண் கட்டிக் கிளி விரட்டிய மண் இது. பட்ஜிக்கு விருப்பத் தீனியாகக் கடைகளில் கட்டித் தொங்கவிடும் கதிரும் அதே தினைக் கதிர்தான். ஆனால், வயலுக்கு வரும் கிளி தின்பது பால் பிடித்த பசுங்கதிர். அதோடு பழம், மொட்டு, பூ, தளிர், மரப்பட்டை எனப் பருவத்துக்குப் பருவம் அதன் உணவு மாறும். அதைத் தேடித் தினமும் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். கூண்டுக் கிளிக்குப் பசுங்கதிரும் இல்லை, பறப்பும் இல்லை. மூட்டையில் மாதக்கணக்கில் காய்ந்த விதை மட்டும் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. விதையைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. விதை மட்டுமே உணவாக இருப்பதுதான் பிழை.

இன்னொரு வாதம் இதைவிட அழுத்தமாக வரும்: "கிளியே விரும்பித் தின்கிறதே, அதற்குத் தெரியாதா?" கிளிக்கு என்ன வேண்டும் என்பது அதற்கு மிக நன்றாகத் தெரியும். அறிவியலாளர் ஐரீன் பெப்பர்பெர்க் 30 ஆண்டுகள் பயிற்றுவித்த 'அலெக்ஸ்' என்ற சாம்பல் கிளி, வாழைப்பழம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கும். பதிலுக்குக் கொட்டையை நீட்டினால் மீண்டும் கேட்கும், சில நேரம் கொட்டையை வீசி எறியும். அத்தனை தெளிவான பறவைதான். என்றாலும் வேண்டுவது வேறு, தேவை வேறு. காட்டில் கொழுப்பு அரிய பொருள். கிடைத்தபோது தின்றுகொள்ளும்படி அமைந்தது அதன் உடல். கலவை விதையைக் கிண்ணத்தில் போட்டால் சூரியகாந்தியையும் குசம்பாவையும் பொறுக்கிவிட்டு மற்றதைச் சிதறடிக்கும். எட்டு வகை விதை கொண்ட கலவையை வாங்கிப் போட்டாலும் அது உண்மையில் தின்பது இரண்டு வகையைத்தான்.

விதையின் மேல் வைட்டமின் தடவி விற்கிறார்களே என்றால், அதுவும் பெரிதாக உதவாது. கிளி விதையைத் தோலுரித்துத்தான் தின்னும். தடவிய சத்து தோலோடு கூண்டின் அடித்தட்டுக்குப் போய்விடும். தண்ணீரில் சொட்டு மருந்து கலப்பதிலும் சிக்கல் இருக்கிறது. கிளி குடிக்கும் நீர் கொஞ்சம். வெளிச்சத்திலும் வெப்பத்திலும் வைட்டமின் சிதையும். நம் ஊர் வெயிலில் அந்தத் தண்ணீரே கிருமி வளரும் இடமாகிவிடும்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? 1980-களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டாம் ரூடிபுஷ் போன்றோர் காக்கடீல்களின் உணவுத் தேவையை அளந்து பார்க்கத் தொடங்கினார்கள். வளரும் காக்கடீல் குஞ்சுக்கு உணவில் 20 சதவீதம் புரதம் வேண்டும் என்பது 1986-ல் வெளிவந்த அவர்களது ஆய்வின் முடிவு. இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில் உருவானதுதான் பெல்லட் எனப்படும் குருணைத் தீனி. தானியம், பயறு, தாது உப்பு, வைட்டமின் எல்லாவற்றையும் அரைத்து ஒரே உருண்டையாக்கியிருப்பதால் பறவை தனக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்க முடியாது. பெரும்பாலான வளர்ப்புக் கிளிகளுக்கு உணவில் பாதிக்கு மேல் பெல்லட்டும், மிச்சத்தில் காய்கறி, கீரை, கொஞ்சம் பழமும் இருக்கட்டும் என்பது பறவை மருத்துவர்கள் பரவலாகத் தரும் ஆலோசனை. பட்ஜி, காக்கடீல்களுக்கு அளவாகச் சிறுதானியமும் சேர்க்கலாம்.

எல்லாக் கிளிக்கும் ஒரே தட்டு பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லோரி இனங்கள் பூந்தேனும் மகரந்தமும் உண்பவை. அவற்றின் நாக்கே அதற்கேற்பத் தூரிகை போல் அமைந்தது. பிரேசிலின் பண்டனால் சதுப்புநிலத்து நீல மக்காவ் பனை இனக் கொட்டைகளை உடைத்துத் தின்று வாழ்வது. மற்றவற்றைவிட அதற்குக் கொழுப்பு கூடுதலாகவே வேண்டும். தன் வீட்டுப் பறவை எந்த இனம் என்று அறிந்து தீனியை முடிவு செய்வது வளர்ப்பவரின் பொறுப்பு.

பச்சை உணவைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுச் சமையலறைக்கு எந்தக் குறையும் இல்லை. முருங்கைக்கீரையில் வைட்டமின் ஏ-க்கான மூலப்பொருளும் சுண்ணாம்பும் ஒருங்கே நிறைந்திருக்கின்றன. கேரட், மஞ்சள் பூசணி, பப்பாளி, கொத்தமல்லித் தழை, முளைகட்டிய பச்சைப்பயறு, வேகவைத்த கொண்டைக்கடலை எல்லாமே நல்லவை. கிளி என்றதும் தமிழருக்கு நினைவுக்கு வரும் கோவைப்பழத்தின் சிவப்பிலும் இதே வகை நிறமிச் சத்துகள் உண்டு. பாலக்கீரையில் இருக்கும் ஆக்சலேட் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அதை எப்போதாவது கொடுத்தால் போதும். சுண்ணாம்புக்குக் கணவாய் ஓடு இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டாலே தருவார்கள்.

சிவந்த மிளகாய்ப் பழத்தைக் கிளி ரசித்துத் தின்பதற்கும் அறிவியல் விளக்கம் உண்டு. காரத்தை உணரும் நரம்பு ஏற்பியை 1997-ல் கண்டறிந்தவர் டேவிட் ஜூலியஸ்; அதற்காக 2021-ல் நோபல் பரிசு பெற்றார். அதே ஏற்பி பறவைகளிடம் மிளகாயின் காப்சைசினுக்கு அசைந்து கொடுப்பதில்லை என்று 2002-ல் அவரது ஆய்வுக்கூடம் கோழியை வைத்துக் காட்டியது. நமக்குக் கண்ணீர் வரவழைக்கும் பழம் கிளிக்கு வைட்டமின் ஏ தரும் இனிய தீனி.

தவறியும் கொடுக்கக்கூடாதவை சில. முதலிடம் வெண்ணெய்ப்பழத்துக்கு. கொடைக்கானல் மலைச்சரிவுகளில் விளைந்து, பட்டர் ஃப்ரூட் ஜூஸாக எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைக்கும் இந்தப் பழத்தில் உள்ள பெர்சின் என்னும் பொருள் பறவையின் இதயத்தைத் தாக்கும். சிறு துண்டும் உயிரைப் பறிக்கலாம். சாக்லேட், காபி, டீ, மது, வெங்காயம், பூண்டு, ஆப்பிள் விதை ஆகியவையும் விலக்க வேண்டியவை.

என்ன தீனி என்பதைவிட அதற்கு எப்படி மாறுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பெல்லட் பாக்கெட் வாங்கிய அன்றே விதையை எடுத்துவிடுவதும், "பசித்தால் தானாகத் தின்னும்" என்று காத்திருப்பதும் பறவைக்கு உயிராபத்து. விதையையே கண்டு வளர்ந்த கிளிக்குப் பெல்லட் உணவென்றே தெரியாது. மரக்கட்டைத் துண்டைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு நகரும். ஒரு பட்ஜியின் எடை 30 முதல் 40 கிராம்தான். அந்தச் சிற்றுடல் ஆற்றலைச் செலவிடும் வேகத்துக்கு இரண்டு நாள் பட்டினியே மரணத்தில் முடியலாம். ஏற்கெனவே பருத்த பறவை திடீரெனப் பட்டினி கிடந்தால் உடற்கொழுப்பெல்லாம் கரைந்து ஈரலில் குவிந்து நிலைமை இன்னும் மோசமாகும்.

எனவே முதல் வேலை தராசு வாங்குவது. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். காலையில் எச்சமிட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன் தினமும் எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். தொடக்க எடையில் 10 சதவீதம் குறைந்தால் மாற்றத்தை நிறுத்திப் பழைய தீனிக்குத் திரும்பி மருத்துவரைப் பார்க்க வேண்டும். 35 கிராம் பட்ஜிக்கு அந்த எல்லை மூன்றரை கிராம். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் இறகு உடலை மறைத்துவிடும். பறவைகள் நோயை ஒளிப்பதிலும் தேர்ந்தவை. கிண்ணமும் ஏமாற்றும், மேலே நிரம்பித் தெரிவது வெறும் உமியாக இருக்கும். எச்சம் நம்பகமான சாட்சி. அளவு குறைந்து கரும்பச்சையாகச் சிறுத்தால் பறவை சாப்பிடவில்லை என்று பொருள்.

மாற்றத்தைத் தொடங்குமுன் பறவை நலமாக இருக்கிறதா என மருத்துவரிடம் காட்டுவது நல்லது. இறகு உதிர்க்கும் காலம், முட்டையிடும் காலம், புது வீட்டுக்கு வந்த சில வாரங்கள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பிறகு நாள் முழுக்கக் கிடக்கும் விதைக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, காலையும் மாலையும் அளவான நேரத்துக்கு மட்டும் விதை வைக்கலாம். இடைப்பட்ட நேரத்தில் பெல்லட்டும் நறுக்கிய காயும் இருக்கட்டும். அல்லது விதையோடு சிறிது பெல்லட் கலந்து, வாரம் ஒருமுறை அதன் பங்கைக் கூட்டலாம். சில பறவைகள் வெந்நீரில் நனைத்து மெதுவாக்கிய பெல்லட்டை ஏற்கும்; சில பொடித்து விதைமேல் தூவினால் ஏற்கும். நனைத்த தீனியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விட்டுவைக்கக் கூடாது.

கிளி கூட்டமாக உண்ணும் பறவை என்பதை இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். வீட்டார் அதன் கண்முன் அமர்ந்து கேரட்டைக் கடித்துத் தின்றால் அதற்கும் ஆசை வரும். தனியாக இருக்கும் பட்ஜிக்குக் கண்ணாடியைத் தரையில் படுக்கவைத்து அதன்மேல் பெல்லட்டைத் தூவினால், இன்னொரு பறவை கொத்துகிறது என்று நம்பித் தானும் கொத்தும். நனைந்த கொத்தமல்லிக் கட்டைக் கூண்டில் தொங்கவிட்டால் பட்ஜி அதில் குளித்துக்கொண்டே தழையைக் கடிக்கப் பழகும். சில பறவைகள் ஒரு வாரத்தில் மாறும். சில மாதக்கணக்கில் அடம்பிடிக்கும். மாறிய பிறகு விதையை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். பழக்கும்போது பரிசாகக் கையால் கொடுத்தால் அதற்கு மதிப்பு கூடும்.

செலவைக் காரணம் காட்டுவோர் பலர். வெளிநாட்டுப் பெல்லட்டின் விலை சாதாரணக் குடும்பத்துக்குப் பளுவானதுதான். ஆனால் ஒரு பட்ஜி அல்லது காக்கடீல் ஒரு நாளில் தின்பது சில கிராம். பெரிய மக்காவுக்கும் சாம்பல் கிளிக்கும் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவர் தீனியில் சிக்கனம் பார்ப்பதற்கு நியாயமில்லை. பெல்லட் கட்டுப்படியாகாத வீட்டில்கூட விதையின் பங்கைக் குறைத்து, முளைகட்டிய பயறும் முருங்கைக்கீரையும் பூசணியும் கணவாய் ஓடும் சேர்த்தாலே பறவையின் நிலை மேம்படும். அதோடு இளங்காலை வெயிலும் வேண்டும், ஓரத்தில் நிழல் இருக்கும்படி. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்தில் வைட்டமின் டி உருவாக்கும் புறஊதாக் கதிர் தங்காது. பெல்லட்டோடு வைட்டமின் மருந்தையும் தாமாகச் சேர்ப்பது மட்டும் கூடாது. வைட்டமின் ஏ, டி இரண்டும் அளவு மீறினால் நஞ்சு.

எல்லாப் பொறுப்பையும் வீட்டார் தலையில் கட்டிவிட முடியாது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், வளர்ப்பவர் போதிய உணவு தராததைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. வயிறு நிறைவதோடு 'போதிய' என்பது முடிந்துவிடுவதில்லை என்று அரசு எடுத்துச் சொல்ல வேண்டும். செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018-ல் தனி விதிகள் வந்தன. வனஉயிர் வணிகம் குறித்த சர்வதேச உடன்பாட்டில் பட்டியலிடப்பட்ட அயல்நாட்டு இனங்களை வளர்ப்போர் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2024-ல் வந்தது. பறவை யாரிடம் இருக்கிறது என்று கேட்கும் அரசு, அதற்கு என்ன தீனி என்பதையும் கவனிக்கலாம். ஒவ்வொரு பறவையையும் விற்கும்போது இனத்தின் பெயர், அது இதுவரை தின்று பழகிய தீனி, அன்றைய எடை, கொடுக்கக்கூடாதவற்றின் பட்டியல் அடங்கிய ஒரு பக்கத் தாளைத் தமிழில் தருவதைக் கடைகளுக்குக் கட்டாயமாக்குவது பெரிய செலவில்லை.

1903-ல் தொடங்கப்பட்டு, வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களை நாடும் வசதி எல்லா ஊர்க்காரர்களுக்கும் இல்லை. மாவட்ட அளவிலான அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் கூண்டுப் பறவைகளைக் கையாளப் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவராவது இருக்க வேண்டும். மாடும் கோழியும் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் 35 கிராம் பட்ஜியை நீட்டினால் அவரும் என்னதான் செய்வார்?

வீட்டில் கிளி வளர்ப்பவர்கள் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நாளை காலை பறவையின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் உமியை ஊதிவிட்டு, உண்மையில் எது தீர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அதன் பக்கத்தில் இரண்டு முருங்கைக் கொழுந்தையும் ஒரு துண்டுப் பூசணியையும் வையுங்கள். முதல் நாள் தொடாவிட்டாலும் மறுநாள் புதிதாக வையுங்கள், அதற்கடுத்த நாளும். விதையை உடனே எடுத்துவிடாதீர்கள். அது தானாகக் குறையும் வரை பொறுமையாக இருங்கள்.